கைக்குள் அறுகரிசி

கரண்டியால் விட்ட நீர் தகப்பனின் கடைவாயில் வழிந்ததைச் சோபனா துணியால் ஒற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. எட்டிப் பார்த்தவள் கரண்டியைக் கீழே வைக்க மறந்தாள். படலையடியில் சித்தப்பா கதிராமன் நின்றார். பாலையூற்றிலுள்ள இந்த வீட்டுப் படலையைப் பதினான்கு ஆண்டுகளாகத் தொடாத மனிதர். கையில் வெற்றிலைத் தட்டம்.

"வரலாமோ, பிள்ளை?"

"வாங்கோ," என்றாள். அந்தச் சொல் அவளைக் கேளாமலே வந்துவிட்டது. குசினிக்குள் தேங்காய் துருவும் ஓசை நின்றது. தாய் தங்கமுத்து வெளியே வரவில்லை.

கதிராமன் கட்டிலருகே வந்து நின்றார். முப்பது ஆண்டுகள் துறைமுகத்து இழுவைப் படகில் சுக்கான் பிடித்த தமையன் தவராசா, கண் மூடி, வாய் திறந்து கிடந்தார். மூச்சு வருவதும் அடுத்த மூச்சை யோசிப்பதுமாக இருந்தது. தம்பியின் பார்வை முகத்திலிருந்து இறங்கி, வீங்கிய கால்களில் நெடுநேரம் நின்றது.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"ரெண்டு நாள், மூண்டு நாள் எண்டார். வீட்டில வைச்சுப் பார்க்கச் சொல்லி விட்டவை."

அவர் தோளிலிருந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். "நாளைக்கு ஜதுசான்ர கலியாணம். டவுனில, கடற்கரைப் பக்க மண்டபத்தில. ஒன்பது பத்துக்கு முகூர்த்தம். பெரியப்பா ஆக்களுக்குச் சொல்லாட்டி மணவறையில ஏற மாட்டன் எண்டு இண்டைக்கு நிண்டுகொண்டாள்." சற்று நிறுத்தினார். "அவள் சொன்னதுக்கு மட்டும் வரேல்ல."

தட்டத்தை நீட்டினார். வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, நடுவே அழைப்பிதழ். கை நீட்டி வாங்கினால் வருகிறோம் என்று பொருள். சோபனாவின் கையில் இன்னும் கரண்டி இருந்தது. அவள் குசினிப் பக்கம் பார்த்தாள்; பிறகு தரையைப் பார்த்தாள்.

கதிராமன் தட்டத்தைக் கட்டில் தலைமாட்டுக் கதிரையில் வைத்தார். "இதில இருக்கட்டும். அண்ணி எடுத்தாச் சரி," என்று சொல்லிவிட்டுப் படலையை ஓசையின்றிச் சாத்திக்கொண்டு போனார்.

கார் திரும்பிய பிறகுதான் தங்கமுத்து வந்தாள்.

"பதினாலு வருசமா வழி தெரியேல்ல. நாளைக்குத் தாலி கட்ட, இண்டைக்குத் தெரிஞ்சிட்டுதோ?"

"ஜதுசா கேட்டவளாம், அம்மா."

"நீ ஒரு பேய்ச்சி, ஒண்டும் விளங்காது. கொப்பர் நாளைக்கு ஒன்பது பத்து மட்டும் தாங்குவாரோ எண்டு நாடி பிடிச்சுப் பார்க்க வந்தவன் அவன். வீங்கின காலைப் பார்த்ததைக் குசினிக்குள்ள நிண்டு நானே கண்டனான்; நீயும் கண்டனீயெல்லோ?"

சோபனா கண்டிருந்தாள். தமையன் இறந்தால் தம்பி வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு; நல்ல காரியம் ஆகாத தீட்டு. தாலி ஏறுமுன் செய்தி வந்தால் மணவறையைப் பிரிக்க வேண்டியதுதான். அந்தக் கண்களில் இருந்தது பாசமா, கணக்கா என்று அவளால் பிரித்தறிய இயலவில்லை.

பகையின் வேர் ஒரு கொள்ளி. தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பது முறை. சகோதரர் இருவரின் தாய் மறைந்த அன்று கதிராமன் கட்டாரில் இருந்தார். அவர் வந்து சேருமுன் தவராசாவே தீ மூட்டிவிட்டார். விடியற்காலையில் நேரே சுடலைக்கு வந்த தம்பி, சாம்பலின் முன் நின்றுவிட்டு, யாரோடும் ஒரு சொல் கதையாமல் தான் குடியிருந்த சாம்பல்தீவுக்குப் போனவர்தான்.

இப்போது தவராசாவுக்கு ஆண்மக்கள் இல்லை. சோபனா ஒரே பிள்ளை. அவள் கணவன் பிழைப்புக்காகக் கடல் கடந்திருந்தான். கொள்ளிக்கு உரிய கை கதிராமனுடையது. கலியாணத்துக்குப் போகாத வீட்டுக்கு அவரை எந்த முகத்தோடு அழைப்பது? போனாலோ, தான் இல்லாத வேளையில் தகப்பனின் மூச்சு நின்றுவிட்டால்? இரவு முழுதும் அந்த இரு கேள்விகளுக்கும் நடுவில் அவள் நெஞ்சு அலைந்தது. தட்டம் கதிரையிலேயே கிடந்து வெற்றிலை வாடிற்று.

விடிந்ததும் தங்கமுத்து திருநீறு பூசி, கணவனின் காதருகே அமர்ந்து பதிகம் ஓதத் தொடங்கினாள். வெள்ளிதோறும் கோணேசர் மலையேறி அவர் பாடிய பதிகங்கள் அவை. மூன்றாவது பாட்டில் தவராசாவின் கண் திறந்தது. அது மெல்ல நகர்ந்து கதிரையில் நின்றது.

"ஆர் வந்தது?"

"கதிராமன்," என்றாள் தங்கமுத்து. "மகளுக்கு இண்டைக்குக் கலியாணமாம்."

அவர் பேசியபோது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே வந்தது.

"கொழும்பில இறங்கிட்டன் எண்டு... அவன் எனக்கு ஃபோன் எடுத்தவன்."

"எப்ப?"

"அம்மாவைச் சுடலைக்கு எடுக்கேக்க. ஏழு மணித்தியாலத்தில வந்திடுவன், வைச்சிருங்கோ அண்ணை எண்டவன்." மூச்சு தடுமாறி மீண்டது. "நிண்டிருக்கலாம். மூத்தவன் நான் எண்ட எண்ணம். நிக்கேல்ல."

தங்கமுத்துவின் உதடுகள் அசைந்தன; பதிகம் வரவில்லை. பதினான்கு ஆண்டுகள் அந்தத் தம்பியை அவள் வைத வசவெல்லாம் எந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன என்று நினைத்தாளோ என்னவோ. எழுந்து, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்து, தட்டத்தை இரண்டு கையாலும் எடுத்துச் சாமியறையில் கொண்டுபோய் வைத்தாள்.

"குளிச்சிட்டு வெளிக்கிடு," என்றாள் திரும்பி வந்து. "அந்த நீலச் சேலையை உடுத்துக்கொண்டு போகாத, எண்ணெய்க் கறை கிடக்கு. சாப்பிடாமலும் வந்திடாத. சண்டைக்கு வந்தவள் எண்டு கதைப்பினம்."

"அப்பா?"

"கொப்பருக்கு நான் இருக்கிறன். பரீதாவையும் கூப்பிடு."

சோபனா சித்தி என்று அழைக்கும் அயல்வீட்டுப் பரீதா முக்காட்டைச் சரிசெய்தபடி வந்து கட்டில் அருகே அமர்ந்தாள். "நீ போ புள்ள. நான் பாத்துக்குறன். ஃபோனைக் கையில வெச்சிக்க," என்றாள்.

மண்டப வாசலில் கட்டியிருந்த வாழையின் குருத்தை ஊருக்குள் திரியும் நகரத்து மான் ஒன்று நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. துரத்த வந்தவர் சோபனாவைக் கண்டதும் துரத்த மறந்து நின்றார். தவராசா வீட்டிலிருந்து ஆள் வந்த செய்தி அவளுக்கு முன்னே உள்ளே போயிற்று. கதிராமன் மணவறையிலிருந்து பார்த்தார். விரலில் தருப்பை அணிந்திருந்தபடியால் இறங்கி வர இயலாது. தலையை மட்டும் அசைத்தார். அந்த ஓர் அசைவில் அவர் தோள்கள் தாழ்ந்தன.

அவள் பின்வரிசைத் தூணருகே அமர்ந்தாள். எட்டு முப்பத்தைந்துக்குக் கைக்குள் ஃபோன் அதிர்ந்தது.

"புள்ள," என்றாள் சித்தி பரீதா. "தாலி கட்டிட்டாங்களா?"

"இல்லை. இன்னும் அரை மணித்தியாலத்துக்கு மேல இருக்கு."

மறுமுனையில், விடியலில் தொடங்கிய தாயின் பதிகக் குரல் இப்போது கேட்கவில்லை.

"சரி. கட்டினாப் பொறகு எடு. அவசரமில்ல புள்ள. இனி அவசரமில்ல."

அப்பா போய்விட்டார்.

நாதசுரம் உச்சத்தில் இருந்தது. அவள் எழவில்லை. எழுந்தால் முகம் தெரிந்துவிடும். மரணச் செய்தி காதில் விழுந்த கணத்திலிருந்தே துடக்கு என்பது மூத்தோர் வகுத்த ஏற்பாடு. அவள் காதில் விழுந்துவிட்டது. கதிராமன் காதில் விழவில்லை. விழாதவரை அவர் தூயவர், அந்த மணவறையும் தூயது. அவள் கதிரையைச் சுவரோரமாய்ப் பின்னுக்கு இழுத்து, எவருடைய சேலையும் தன்மேல் படாதபடி ஒடுங்கிக்கொண்டாள்.

ஆனால் செய்திக்கு இப்போது எத்தனை வழிகள். அவளுக்கு முன்வரிசையில், அவர்கள் வீட்டு ஒழுங்கையிலேயே சற்றுத் தள்ளி வசிக்கும் தர்மசீலன் இருந்தார். அவர் ஃபோன் மினுங்கியது. மூக்குக்கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். மெல்லத் திரும்பிச் சோபனாவைப் பார்த்தார். அவள் அசையாமல் அவரையே பார்த்தாள். அருகிலிருந்தவர், "என்ன விசயம்?" என்று கேட்டது அவளுக்குக் கேட்டது.

"ஒண்டுமில்லை. கரண்ட் பில்," என்றார் தர்மசீலன். ஃபோனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மணவறையை நோக்கி நிமிர்ந்து அமர்ந்தார்.

அறுகரிசித் தட்டோடு வந்த பெண், சோபனா கையை விலக்குமுன், மஞ்சள் தோய்ந்த அரிசியும் அறுகம்புல்லும் அவள் உள்ளங்கையில் இட்டுப் போனாள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கையை மூடிக்கொண்டாள்.

சுவர்க்கடிகாரத்தின் முள் நகரவே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அங்கே, தலைமாட்டில் விளக்கேற்றி, தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அந்தக் கால்கள் வீங்கியிருந்தனவே, நூல் அறுக்குமோ என்ற எண்ணம் ஓடியது. அப்பா ஏழு மணித்தியாலம் நிற்கவில்லை. அவள் ஒன்பது பத்துவரை நின்றால் போதும். ஒன்பது பத்து கடந்தது. குருக்கள் இன்னும் ஓதிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு, பதினைந்து.

ஒன்பது இருபதுக்குக் கெட்டிமேளம் முழங்கிற்று. மண்டபம் முழுவதும் கைகள் உயர்ந்து அரிசி பறந்தது. கதிராமனின் கண்கள் மகளின் கழுத்திலிருந்து மேலெழுந்து, பின்வரிசைக்கு வந்து, உயராமல் மடியில் மூடிக்கிடந்த ஒரே கையில் தங்கின.

சடங்கின் இடைவேளையில் தருப்பையைக் கழற்றிவிட்டு அவர் இறங்கி வந்தார். இரண்டு முழம் தள்ளி நின்றார். ஜதுசா கேளாத குரலில் கேட்டார்:

"எத்தனை மணிக்கு?"

"எட்டு முப்பத்தஞ்சு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு நேரமும் இருந்தனீயோ, பிள்ளை?"

அவள் மூடிய கையை மடியோடு சேர்த்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை வீட்டாரை அனுப்பிப்போட்டு வாறன். நான் வருமட்டும்..." அந்தச் சொல்லை முன்பொருமுறை சொன்ன நினைவு வந்தவர்போல் நின்றார்.

"வைச்சிருப்பம், சித்தப்பா," என்றாள் சோபனா.

உண்ணாமலே வெளியே வந்தாள். அறுகரிசியைத் தரையில் கொட்ட மனம் வராமல் வாசல் மதிலின் மேல் வைத்தாள். உள்ளங்கை ரேகைகளில் மஞ்சள் தங்கியிருந்தது.

நான்கு மணிக்கே வீட்டில் எல்லாம் ஆயத்தமாயிற்று. "பொழுது சாயுது. எடுக்கலாமே?" என்று ஒழுங்கை அயலார் இருமுறை கேட்டார்கள். கிரியைக்கு வந்திருந்த குருக்களும் வானத்தைப் பார்த்தார்.

"நிக்கட்டும்," என்றாள் தங்கமுத்து.

ஐந்தடிக்கும் வேளையில் கார் வந்தது. அவசரமாகப் பூச்சரங்களைப் பிய்த்தெறிந்ததில், ஒட்டியிருந்த நாடாத்துண்டுகள் அதன் முகப்பில் அப்படியே இருந்தன. கதிராமன் இறங்கினார். மீசை மழித்த முகம் வேறொருவருடையதுபோல் இருந்தது. கிணற்றடியில் மூன்று வாளி நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு தமையனின் தலைமாட்டில் வந்து நின்றார். தங்கமுத்து அவருக்கு இடம்விட்டு விலகினாள்.

குருக்கள் கொள்ளிக்குடத்தைத் தூக்கி அவருடைய தோளில் வைத்தார். பின்னால் நின்று அதைத் தாங்கிப் பிடித்த சோபனா அப்போதுதான் கண்டாள்: அத்தனை நீருக்கும் கழுவப்படாமல், சித்தப்பாவின் காதுமடலின் மடிப்பில் ஒரேயொரு மஞ்சள் அரிசி.

எடுத்துவிடக் கையை உயர்த்தினாள். பிறகு குடத்தையே பிடித்துக்கொண்டாள்.