கடைசி எட்டு எழுத்து

அக்காவின் பெட்டியை யாரோ நோண்டியிருக்கிறார்கள் என்பது அதைக் கவிழ்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அடியில் நான்கு திருகாணிகள். நான்கின் தலையிலும், பொருந்தாத ஸ்குரூ டிரைவரைப் போட்டு நெம்பிய புதுக் கீறல். நான் வாயைத் திறக்கவில்லை. திருட்டைக் கண்டுபிடிக்கிறவன் எடுத்த எடுப்பில் கத்தக் கூடாது. எனக்கு அது ரொம்பக் கஷ்டம் என்பது வேறு விஷயம்.

அக்காவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. கணினித் திரையில் ஓடும் எழுத்தை இந்தப் பெட்டி புள்ளிகளாக எழுப்பிக் கொடுக்கும். அவள் விரலால் தடவிப் படிப்பாள். வரிக்கு நாற்பது எழுத்து. பாடநூல் அச்சிடும் அலுவலகத்தில் பிழை பார்க்கிற வேலை அவளுக்கு. திங்கட்கிழமை காலை மேலதிகாரி முன்னால் அவள் படித்துக் காட்ட வேண்டும். வேகம் தேறாவிட்டால் அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டியில் புள்ளிகள் தாறுமாறாக எழும்ப ஆரம்பித்தன. பெட்டியைச் செய்த கம்பெனியோ அந்த மாடலையே கைகழுவிப் பல வருடமாகிறது. திங்கட்கிழமை சோதனை, வெள்ளிக்கிழமை பழுது. நீங்களாயிருந்தால் என்ன நினைப்பீர்கள்?

நான் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கிறவன். கைக்கு வந்த பொருளை நம்புவேன், கொண்டு வந்த ஆளை நம்பமாட்டேன். "தானா நின்னுபோச்சு" என்று நீட்டுவார்கள். திறந்தால் உள்ளே அரை டம்ளர் தண்ணீர் நிற்கும்.

பெட்டியை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பிரித்தேன். அக்கா எதிரே விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன், எனக்கு மாமா, சமையலறை வாசலில் சாய்ந்து நின்று நான் கழற்றுகிற ஒவ்வொரு திருகாணியையும் பார்த்துக்கொண்டிருந்தார். சரக்குக் கிடங்கில் வேலை அவருக்கு. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுவார். சரியான அமுக்குணி. போன மாதம் இதே வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே அவர் அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "போதும்மா. இந்த வேலையை விட்டுடு." அன்றிலிருந்தே அவர்மேல் எனக்கு ஒரு கண்.

"யாராவது இதைத் திறந்தீங்களா?" என்றேன், பொதுவாக.

"நீதான் ஆறு வருஷத்துக்கு முன்னாடி திறந்தே," என்றாள் அக்கா.

மாமா தண்ணீர் குடிக்க உள்ளே போனார். போகட்டும் என்று விட்டேன்.

அக்கா சொன்னது உண்மைதான். அவள் கல்யாணத்தன்று காலை, சாமான் ஏற்றுகிற அவசரத்தில் பெட்டி கீழே விழுந்து, உள்ளே ஒரு கனெக்டர் உடைந்துவிட்டது. நான் அப்போது ஒரு கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் அதேபோல ஒன்றைத் தேடி எடுத்து வந்து மாட்டினேன். அரை மணி நேரம்தான். அக்கா விரலை வைத்துப் பார்த்து "வருதுடா" என்றதும் வீடே கைதட்டியது. நான் தனிக்கடை போட்டதே அந்தக் கைதட்டலை நம்பித்தான்.

மூடியைத் தூக்கினேன். இரண்டு போர்டுகள், நடுவே பதினான்கு கம்பிகள் கொண்ட பட்டை. பட்டையின் முனையில் வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டர், போர்டிலிருந்த சாக்கெட்டில் செருகியிருந்தது. சாக்கெட்டில் பெயரில்லை, எண்ணில்லை, ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணம் மட்டும். கனெக்டரில் அந்த முக்கோணமும் இல்லை. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இல்லை.

நுணுக்கமாக அளக்கிற வெர்னியரை எடுத்தேன். ஊசி போன்ற ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவே, சாக்கெட்டில் இரண்டரை மில்லிமீட்டர். கனெக்டரிலும் இரண்டரைதான், ஒரு மயிரிழை அதிகம். முதல் பின்னிலிருந்து பதினாலாவது வரை சேர்த்து அளந்தபோதுதான் குட்டு உடைந்தது. சாக்கெட்டில் முப்பத்திரண்டரை, கனெக்டரில் முப்பத்து மூன்று. முதல் பின்கள் ஒழுங்காக உட்காரும். போகப் போக விலகி, கடைசிப் பின் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும். அந்தக் கடைசிக் கம்பிதான் வரியின் கடைசி எட்டு எழுத்துக்குப் போகிறது. இப்போது அந்தப் பின் ஒரேயடியாகச் சாய்ந்து பக்கத்துப் பின்னையும் தொட்டுக்கொண்டிருந்தது.

அதோடு விடவில்லை. உள்ளே போகாத கனெக்டரைப் பக்கச் சுவரில் அரம் போட்டு ராவியிருந்தார்கள். ஆடாமலிருக்க மேலே சிவப்பாக ஏதோ பூச்சு வேறு. தின்னர் தொட்ட பஞ்சால் தேய்த்தேன், கரைந்து வந்தது. நெயில் பாலிஷ்.

எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"நான் போட்ட நல்ல கனெக்டரைக் கழட்டிட்டு எவனோ கண்ட கழிசடையை அமுக்கி, நெயில் பாலிஷ் வேற ஊத்தி வச்சிருக்கான். தெரிஞ்சேதான் பண்ணியிருக்கான். திங்கக்கிழமை இவ தோக்கணும்னு."

மாமா மறுபடி சமையலறை வாசலுக்கு வந்திருந்தார். அவர் பக்கம் திரும்பினேன்.

"மாமா, நீங்க இதைத் திறந்தீங்களா இல்லையா?"

"திறந்தேன்," என்றார்.

இத்தனை சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. "எப்போ?"

"போன மாசம்."

"எதுக்கு?"

அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"அங்க என்ன பார்வை, என்னைப் பாத்துச் சொல்லுங்க. அவ வேலைக்குப் போறது உங்களுக்குப் பொறுக்கல. வீட்டோட உட்கார வைக்கணும். அதுக்கு இப்படி ஒரு வழி, இல்லையா?" இன்னும் என்னென்னவோ கேட்டேன். ஆம்பிளைதானா என்பதுவரை போனேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். குற்றவாளி அப்படித்தான் குனிவான் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

"டேய்," என்றாள் அக்கா. "அந்த நெயில் பாலிஷ் என்ன கலர்?"

"அது இப்போ எதுக்கு?"

"சொல்லு."

"கருஞ்சிவப்பு. கிட்டத்தட்ட கருப்பு."

"என் கல்யாணத்துக்குச் சித்தி வாங்கிட்டு வந்தது. எனக்குப் பூசிவிட எடுத்தா பாட்டில் பாதி காலி. அம்மா உன் முதுகுலதான் ஒண்ணு வச்சாங்க."

அந்த அடி விழுந்த இடம் இப்போது சுருக்கென்றது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அன்று என்னிடம் வெர்னியர் கிடையாது, பள்ளிக்கூட ஸ்கேல்தான் இருந்தது. ஒரே ஒரு இடைவெளியை அளந்துவிட்டு ஓடினேன். போகமாட்டேன் என்ற கனெக்டரை அரம் போட்டு ராவி, கட்டை விரலால் அமுக்கி, நெயில் பாலிஷை ஊற்றினேன். கைதட்டல் மட்டும் நினைவில் தங்கியிருக்கிறது, அரம் போய்விட்டது. எனக்கு அவமானமாக இருந்தது.

"உனக்கு எப்போ தெரியும்?"

"முதல் வாரமே. கடைசி எட்டு எழுத்து வரும், வராது. நம்ப முடியாது. அதனால முப்பத்திரண்டாவது எழுத்து வந்ததும் பொத்தானை அமுக்கி வரியைத் தள்ளிப்பேன். மிச்சம் முன்னாடி வந்துடும், அங்க படிச்சுப்பேன். ஒரு வரிக்கு ரெண்டு வேலை."

"அதனாலதான் வேகம்..."

"ம்."

நான்கு வருடத்துக்கு முன் அக்காவுக்கு வர வேண்டிய பதவி உயர்வை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வேகம் போதவில்லை என்றார் மேலதிகாரி அம்மாள். நான் அந்த அலுவலகத்துக்கே போய், கண்ணில்லாதவள் என்றுதானே ஓரங்கட்டுகிறீர்கள் என்று பத்துப் பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வந்தேன். திங்கட்கிழமை சோதனை வைக்கப்போவதும் அதே அம்மாள்தான்.

"ஏன்க்கா சொல்லல?"

"எப்படிடா சொல்றது? கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் இந்தப் பெட்டிக் கதையைத்தான் சொல்லிட்டிருந்தே. சொல்லியிருந்தா கனெக்டர் குடுத்தவன் சட்டையைப் பிடிக்கப் போயிருப்பே. இல்லேன்னா கடையை இழுத்து மூடிட்டு ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பே. எனக்கு எட்டு எழுத்துதானே, சமாளிச்சுக்கலாம்னு விட்டுட்டேன்."

மாமா மெல்ல வாயைத் திறந்தார். "விரல் நுனியெல்லாம் மரத்துப்போகுதுன்னு சொன்னா மாப்ளே. வேலையை விட்டுடுன்னேன், கேக்கல. தூசியா இருக்கும்னு திறந்தேன். உள்ளே சிவப்பா இருக்குன்னு நான் சொன்னதும் மூடச் சொல்லிட்டா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற." நான் கேட்டதிலேயே அவருடைய நீளமான பேச்சு அதுதான்.

"மன்னிச்சுடுங்க மாமா," என்றேன்.

"டீ குடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு அவர் அடுப்படிக்குப் போனார்.

சனிக்கிழமை காலை இருவருமாகக் காயலான் கடைக்குப் போனோம். செத்துக் கிடந்த பேக்ஸ் மெஷின்களை ஒவ்வொன்றாக மாமா தூக்கிக் கொடுக்க, நான் திறந்து பார்த்தேன். பதினோராவதில் இருந்தது, ஓரத்தில் முக்கோணத்தோடு. அங்கேயே முதல் பின்னிலிருந்து கடைசிப் பின் வரை மூன்று தடவை அளந்தேன். முப்பத்திரண்டரை. வீட்டுக்கு வந்து பழைய கனெக்டரிலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி, புதிதின் முனைகளில் பொருத்தி, சாய்ந்த பின்னை லென்ஸ் வைத்து நிமிர்த்திச் செருகினேன். அமுக்கவே வேண்டியிருக்கவில்லை. தானாகப் போய் உட்கார்ந்து டிக் என்றது.

அக்கா விரலை வைத்தாள். வரி முழுவதும் தடவினாள். கடைசி எட்டு எழுத்தில் நின்று, திரும்பப் போய், மறுபடி வந்தாள். "எல்லாம் இருக்குடா," என்றாள். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

"படி," என்றேன். "வேகமா."

படித்தாள். முப்பத்திரண்டாவது எழுத்தைத் தொட்டதும் அவள் கட்டை விரல் பொத்தானை அமுக்கியது. வரி நகர்ந்துவிட்டது. எங்கே விட்டோம் என்று தெரியாமல் தடவினாள். திரும்ப ஆரம்பித்தாள். மறுபடியும் அதே இடம், அதே விரல். நான்காவது தடவை அவள் நிறுத்தி, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பெட்டியைச் சரிபண்ணிட்டே," என்றாள். "இந்த விரலை என்ன பண்றதுடா?"

திங்கட்கிழமைக்கு இன்னும் ஒன்றரை நாள் இருந்தது. நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அந்தக் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டேன். அவள் படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரியிலும் அந்த இடம் வந்ததும் விரல் என் கைக்குள் துடித்தது. எட்டு எழுத்தும் முடிந்த பிறகுதான் விட்டேன்.