நான்கு வோல்ட்

கேபிளின் ஒரு முனையை, மின்னலைகளை உண்டாக்கும் சிக்னல் ஜெனரேட்டரின் முதுகிலும் மறுமுனையை கம்ப்யூட்டரிலும் செருகிவிட்டு மார்லிஸ் கையை உதறிக்கொண்டாள். பதினோரு வருடமாக அந்தக் கருவியின் குமிழைத் திருகித் திருகியே அவள் மணிக்கட்டு வீணாகியிருந்தது. ஏரியில் மீன் தேடும் சோனாருக்கான போர்டு ஒவ்வொன்றுக்கும் எண்பது அலைவெண்கள். ஒவ்வொன்றையும் கையால் வைத்து, அளந்து, எழுத வேண்டும். இனி அந்தப் பாட்டைக் கம்ப்யூட்டர் படட்டும் என்று ஐம்பத்திரண்டு வயதில் மாலைக் கல்லூரிக்குப் போய்ப் படித்து, புரோகிராமை அவளே எழுதியிருந்தாள். அது ஓடிவிட்டால் சோதனைப் பொறியாளர் வேலை அவளுக்குத்தான் என்று மேலாளர் வெர்ன் சொல்லியிருந்தார். வெர்ன் வாயிலிருந்து அவ்வளவு பெரிய வாக்கியம் வருவதே அபூர்வம்.

மான் வேட்டை தொடங்கிய வாரம். டுலூத் ஊரில் பாதிப்பேர் காட்டில் இருந்தார்கள். முதல் நாளே ஒன்றைச் சுட்டுவிட்ட டுவெய்ன் மட்டும் பெருமை தாங்காமல் வேலைக்கு வந்திருந்தான். போர்டுகளில் பாகங்களைப் பற்றவைப்பது அவன் வேலை. புது வகையில் மூன்றே மூன்று செய்து வைத்திருந்தான்.

"ஓட்டு மகாராணி. உன் பட்டாபிஷேகத்தப் பாக்கத்தான் வந்தேன்."

மார்லிஸ் பொத்தானைத் தட்டினாள். திரையில் எண்கள் தாமாக ஏறின. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் அளவு சுழியத்துக்கு விழுந்தது. போர்டிலிருந்து லேசாகக் கருகல் வாடை வந்தது.

டுவெய்னின் முகம் சுருங்கியது. "போச்சு. என் பத்தவைப்புதான் திரும்பவும் சொதப்பிடுச்சு போல." போன மாதம்தான் அதே குற்றத்துக்கு வெர்னிடம் வாங்கிக்கட்டியிருந்தான். போர்டைக் கழற்றிப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மார்லிஸ் ஜெனரேட்டரின் வாயில் வோல்ட் அளவியை வைத்துப் பார்த்தாள். கருவி காட்டியது இரண்டு வோல்ட். வெளியே வந்துகொண்டிருந்தது நான்கு.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. வெளியே ஐம்பது ஓம் மின்தடை சுமையாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே அந்தக் கருவி பிறந்திருக்கிறது. அப்படி இல்லாவிட்டால் காட்டுவதைப்போல் இரு மடங்கைத் தள்ளும். அதனால் தினமும் காலையில் அதை இயக்கியதும் மூன்று பொத்தான்களைத் தட்டி அந்த எண்ணத்தை மாற்றுவாள். பல் துலக்குவதுபோல் கை தானாகச் செய்கிற வேலை. அதை எங்கும் எழுதிவைக்கத் தோன்றியதில்லை. இன்று காலையும் தட்டியிருந்தாள். ஆனால் புரோகிராமின் முதல் வரி, பாடப்புத்தகம் சொன்னபடி, கருவியைப் பிறந்த நிலைக்குத் திருப்பும் கட்டளை. காலையில் தட்டியது அதோடு அழிந்துபோயிருந்தது.

வெர்ன் காப்பிக் கோப்பையோடு உள்ளே வந்தார். "என்ன ஆச்சு?"

"என்னோடதுதான் வெர்ன்," என்றான் டுவெய்ன், தலை நிமிராமல்.

கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும், நான்கு வோல்ட் யாருக்கும் தெரியப்போவதில்லை. மார்லிஸுக்கு அந்த ஆசை வந்தது. வெட்கமும் கூடவே வந்தது.

"டுவெய்ன், அதக் கீழ வை. உன் மேல தப்பே இல்ல. நான் அதுக்கு ரெண்டு மடங்கு ஊட்டிட்டேன்." வெர்னைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள்.

வெர்ன் காப்பியை ஒரு வாய் குடித்தார். "ம்" என்றார். வேலை உண்டா இல்லையா என்று அந்த "ம்"மிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

அவள் உட்கார்ந்து, முதல் வரிக்குக் கீழே, அந்த மூன்று பொத்தான்களின் வேலையைச் செய்யும் இன்னொரு வரியைச் சேர்த்தாள். மறுபடி அளந்தாள். காட்டியது இரண்டு. வந்ததும் இரண்டு.

டுவெய்ன் இரண்டாவது போர்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றான். "இதயும் வறுத்துட்டின்னா நானும் காட்டுக்கே போயிடுவேன், சொல்லிட்டேன்." பிறகு, மெல்ல, அவனே அதை மாட்டினான்.

"ஓட்டு," என்றார் வெர்ன்.

கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, சட்டென்று அணைக்கத் தோதாக ஜெனரேட்டரின் மின் சுவிட்சின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். மார்லிஸ் பொத்தானைத் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு. ஐந்து வந்தபோதும் அவர் விரலை எடுக்கவில்லை.