முடி கொட்டாத நாய்

லிப்ட் மெக்கானிக் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. லிப்ட்டைத் தூக்கும் கம்பிவடத்தை மற்றவர்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். அவர் வடத்தைச் சுற்றித் துணியைப் பிடித்து, மெல்ல ஓடவிட்டு, அறுந்த இழை எங்காவது துணியில் மாட்டுகிறதா என்று பார்ப்பார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு 'சந்தேகம்' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். "சந்தேகம் எங்கப்பா?" என்று ஒருவன் கேட்பான். "மேல மோட்டார் ரூம்ல இருக்கு" என்பான் இன்னொருவன். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அப்படிப்பட்டவர் போனில் வந்த ஒரே ஒரு வீடியோவைப் பார்த்து நாய்க்குட்டி வாங்கினார் என்றால், அதற்குக் காரணம் பாப்பா.

பாப்பா அவருடைய ஒரே மகள். பதினோரு வயது. கைக்குழந்தையிலிருந்தே மூச்சு இழுப்பு. நாய் என்றால் உயிர். யாராவது நாயோடு தெருவில் வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். கிட்டே போக மாட்டாள். போனால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியும். குழந்தை அடம் பிடித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அவள் ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி நிற்பதுதான் அவரை என்னவோ செய்தது.

வீடியோவைக் கொண்டுவந்தவன் மனைவியின் தம்பி.

"மாமா, இது பூடில் கிராஸ். பாதி பூடில், பாதி ரிட்ரீவர். பூடில் மாதிரியே ஒத்த முடி கொட்டாது. இழுப்பு இருக்கிற பிள்ளைங்களுக்குன்னே உருவாக்கினதாம். பூடிலோட மூளை, ரிட்ரீவரோட பொறுமை."

"என்னோட பொறுமையும் உன் அக்காவோட மூளையும் சேர்ந்து ஒரு பிள்ளை பிறக்கும்னு யாராவது எழுதிக் குடுப்பாங்களாடா?" என்றார் மெக்கானிக். அந்த வீட்டில் அன்றைக்கு அதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஆனால் அவரே அதைச் சிரிப்புக்காகத்தான் கேட்டார். பாப்பா அதற்குள் வீடியோவை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடியோ போட்டுக் குட்டி விற்கிறவள் வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. ஒரு சூப்பர் மார்க்கெட்டின் வண்டி நிறுத்துமிடத்துக்கு வரச் சொன்னாள். நாற்பது வயதிருக்கும், நன்றாக உடுத்தியிருந்தாள். காரின் பின்கதவைத் திறந்து குட்டியை எடுத்துப் பாப்பாவின் கையில் நேராக வைத்துவிட்டாள். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

"தாய் நாயைப் பார்க்கலாமா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"வீட்ல பெயிண்ட் அடிக்கிறாங்க சார். தாயை ஊருக்கு அனுப்பிட்டோம்."

நாய் ஊருக்குப் போயிருக்கிறது என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினார். பெட்டைக்குட்டி. தேன் நிறத்தில் சுருள் சுருளாக முடி. பாப்பா வழியிலேயே 'சுருளி' என்று பெயர் வைத்தாள். "அது ஆம்பளப் பேருடி" என்றாள் அம்மா. "அதுக்குத் தெரியாதும்மா" என்றாள் பாப்பா.

முதல் சில மாதங்கள் வீடு நிறைந்திருந்தது. உண்மையிலேயே முடி கொட்டவில்லை. பாப்பாவுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. காலையில் வேலைக்குப் போகுமுன் சுருளியை நடக்கக் கூட்டிப்போவது மெக்கானிக்கின் பொறுப்பு. பத்து வருடமாக ஒரே கட்டடத்தில் குடியிருந்தும் தலையசைப்பதோடு நிறுத்திக்கொண்டவர்கள் இப்போது நின்று பேசினார்கள். நாயை முன்னிட்டு அவரும் பேசினார். வேலை முடிந்து அவர் படியேறும் சத்தம் கேட்டதுமே கதவுக்குப் பின்னால் ஒரு வால் தரையை அடிக்கத் தொடங்கிவிடும். தன் வருகைக்காக இப்படி யாரும் கூத்தாடியதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

குட்டி முடி மாறிப் பெரிய நாயின் முடி வந்தபோது எல்லாம் தலைகீழானது. பூடில் பக்கம் சாயும் என்று நினைத்த முடி ரிட்ரீவர் பக்கம் சாய்ந்தது. சோபாவில் முடி, சீப்பில் முடி, சோற்றில் முடி. அடியில் பஞ்சு போன்ற முடி சிக்குப் பிடித்துப் பாய் போல் ஆகிவிட்டது. நாய் முடி வெட்டும் கடையில் சீப்பே இறங்காமல், மொத்தமாக மழித்து அனுப்பினார்கள். மனைவிக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வை வேலை, வெள்ளைச் சீருடை. தினமும் வாசலில் நின்று ஒட்டுநாடாவால் முடியை ஒற்றியெடுத்துவிட்டுத்தான் பஸ் பிடிப்பாள்.

பகலெல்லாம் மூவரும் வெளியே. ஓடவும் தேடவும் பிறந்த நாய் இரண்டு அறைக்குள் கிடந்தது. மேசைக் காலைக் கடித்தது, கதவைப் பிறாண்டியது, பக்கத்து வீட்டுக்காரர் காது வலிக்கும்வரை குரைத்தது. ஒரு வயது ஆகுமுன்பே நடையில் ஒரு நொண்டலும் வந்தது. நாய் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"இடுப்பு மூட்டு சரியா உட்காரல. பெத்ததுங்க ரெண்டுக்கும் மூட்டு நல்லா இருக்குன்னு எக்ஸ்ரே காட்டினாங்களா?"

"இல்ல."

"தாயையாவது பார்த்தீங்களா?"

மெக்கானிக் குனிந்து சுருளியின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். டாக்டர் கடிந்துகொள்ளவில்லை. "கலப்புன்னா நோய் வராதுன்னு ஒரு பேச்சு இருக்கு. ரெண்டு பக்கமும் நல்லா இருந்தா சரி. இல்லன்னா ரெண்டு பக்கத்துக் கோளாறும் வரலாம். அப்புறம், முடி கொட்டாத நாய்னாலும் இழுப்புக்கு ஆகும்னு நம்பாதீங்க. இழுப்பைக் கிளப்புறது முடி மட்டும் இல்ல, எச்சில்லயும் தோல்லயும் இருக்கு. வீட்ல யாருக்காவது இழுப்பு இருக்கா?"

"லேசா" என்றார் மெக்கானிக்.

லேசா என்று சொல்வதற்கு ஒரு வாரம் முன்புதான் அது நடந்திருந்தது. விடியற்காலை வேலைக்குக் கிளம்பும்போது பாப்பாவின் அறைப் பக்கம் மெல்லிய சீட்டிச் சத்தம் கேட்டது. லிப்ட் கதவின் ரப்பர் தேய்ந்துபோனால் குழிக்குள்ளிருந்து காற்று அப்படித்தான் ஊதும். அந்தச் சத்தத்தை எத்தனையோ கட்டடங்களில் கேட்டவர் அவர். கதவைத் தள்ளிப் பார்த்தார். சுருளி கட்டிலில், பாப்பாவின் நெஞ்சின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. அவரைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. பாப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தூங்குகிறவள் அப்படி மூடமாட்டாள்.

குளிர்காலம், அதனால்தான் என்று சொல்லிக்கொண்டார். சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அன்றைக்கே நாய் வீட்டைவிட்டுப் போகும் என்று அவருக்குத் தெரியும்.

பாப்பாவுக்கும் அது தெரியும். அப்பாவும் மகளும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே காரியத்தை மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பாப்பா சமையலறை வாசலில் வந்து நின்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. பேச வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கையில் இருந்த இன்ஹேலரை அழுத்திக் காட்டினாள். காலி. மெக்கானிக் அவளைத் தூக்கிக்கொண்டு நாலு மாடியும் படியிலேயே ஓடினார். லிப்ட்டுக்குக் காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. பின்னால் சுருளி, விளையாட்டு என்று நினைத்து, நொண்டிக்கொண்டே துள்ளி வந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தையின் தொண்டைக்குள் குழாயைச் செருகினார்கள். இளம் டாக்டர் ஒருத்தி வெளியே வந்து கேட்டாள்.

"வீட்ல செல்லப் பிராணி ஏதாவது இருக்கா?"

"நாய் இருக்கு டாக்டர். ஆனா அது முடி கொட்டாத ஜாதி" என்றாள் மனைவி. டாக்டரின் பார்வை அவள் ரவிக்கைக் கையில் ஒட்டியிருந்த தேன் நிற முடிகளின் மேல் போய் நின்றது. மனைவியும் குனிந்து பார்த்தாள். பிறகு சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது மெத்தைக்கு அடியில் காலி இன்ஹேலர்கள் கிடைத்தன. பள்ளியில் ஒன்று தொலைந்தது, பஸ்ஸில் ஒன்று தொலைந்தது என்று பாப்பா சொன்னவை எல்லாம் அங்கே இருந்தன. தலையணை உறையின் ஒரு மூலை கடித்துக் கடித்து நைந்திருந்தது. இருமல் வெளியே கேட்காமல் இருக்க.

பாப்பா பிழைத்துக்கொண்டாள். நாளை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர்கள் சொன்ன அன்று மனைவி, "அவ உள்ள வரும்போது அது வீட்ல இருக்கக் கூடாது. எங்க விடுவீங்களோ, எனக்குத் தெரியாது" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

மெக்கானிக் கேட்காத இடமில்லை. மச்சான் வீட்டில் கைக்குழந்தை. நாய்க் காப்பகத்தில் இடமில்லை, "இதே மாதிரி சுருட்டை முடி எங்கிட்டயே கூண்டு கூண்டா இருக்கு அண்ணே" என்றார் அங்கே இருந்தவர். இடுப்பு போன நாயை வேறு யாரும் வாங்கத் தயாரில்லை. விற்றவளின் நம்பரில் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மச்சானின் போனிலிருந்து புது ஆள் போல் ஒரு குட்டி கேட்டதும் உடனே பதில் வந்தது. அதே வண்டி நிறுத்துமிடம்.

சுருளியைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு சீக்கிரமே போய்விட்டார். அவருக்கு முன்னால் வேறொரு ஜோடி காத்திருந்தது. அந்தப் பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை. விற்கிறவள் கார்க் கதவைத் திறந்து குட்டியை எடுத்து நீட்டினாள். இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சத்தம் போட்டால் அவள் கிளம்பிவிடுவாள், தன் நாய் தன்னோடு நின்றுவிடும் என்ற பயத்தில் கதவுப்பிடியில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். அவளை நேரில் மடக்கவும் துணிச்சல் வரவில்லை. வரச் சொன்ன புது ஆளுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு அவள் காரை எடுத்ததும் பின்னாலேயே போனார்.

ஊர் ஓரத்தில் ஓட்டு வீடு. பக்கத்தில் தகரக் கதவு போட்ட கார் ஷெட். கதவு பாதி திறந்திருந்தது. மூத்திர வாடை கண்ணைக் கரித்தது. சரக்குப் பலகைகளை ஆணியடித்துச் செய்த கூண்டுகள். முதல் கூண்டில் தேன் நிற நாய் ஒன்று கிடந்தது. மடிக்காம்புகள் தரையில் தேய்ந்து புண்ணாகியிருந்தன. அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தது. முன்கால்கள் எழுந்தன. பின்கால்கள் வரவில்லை. அப்படியே இழுத்துக்கொண்டு கம்பிவலை வரை வந்து வாலை ஆட்டியது.

விற்கிறவள் வாளியோடு வந்தாள். அவரை அடையாளம் கண்டுகொண்டாள். பயப்படவில்லை.

"என்ன சார்?"

"முடி கொட்டாதுன்னு சொன்னியே. எம்பொண்ணு சாகக் கிடந்தா."

"சார், முடி கொட்டாத நாய் வேணும்னு கேட்டது நீங்க. எல்லாரும் அதைத்தான் கேட்கிறீங்க. கொட்டலாம், கொட்டாம இருக்கலாம்னு உண்மையச் சொன்னா ஒருத்தராவது வாங்குவீங்களா?" வாளியை இறக்கி வைத்தாள். "திருப்பித் தர வந்தீங்களா? பொட்டதானே? விட்டுட்டுப் போங்க."

"எதுக்கு?"

அவள் காலியாக இருந்த ஒரு கூண்டின் கதவைத் திறந்துவிட்டாள்.

மெக்கானிக் திரும்பித் தன் காரைப் பார்த்தார். ஊசி போட்டுக் கொன்றுவிடலாம் என்று நாய் டாக்டர் மறைமுகமாகச் சொல்லியிருந்தார். அதற்கு மனம் வரவில்லை. இங்கே கூரை இருக்கிறது, தீனி இருக்கிறது, நாளைக்கே வேறு நல்ல இடம் பார்த்து வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே அடுக்கிக்கொண்டார். பிறகு போய்க் காரின் பின்கதவைத் திறந்தார். நடக்கப் போகிறோம் என்று சுருளி குதித்து இறங்கியது. கழுத்துப்பட்டையை அவரே கழற்றினார்.

பாப்பாவிடம், தோட்டம் வைத்த வீட்டில் விட்டிருப்பதாகச் சொன்னார். அவள் சோபாவையும் சுவரோரத்தையும் பார்த்தாள். வீடு முழுக்க மருந்துத் தண்ணீர் போட்டுத் துடைத்திருந்தார்கள்.

இரண்டு நாள்தான் அவரால் தாங்க முடிந்தது. பிராணிகள் நல அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் ஆளும் வண்டியும் சேர்த்துக்கொண்டு கிளம்ப ஒரு வாரம் ஆனது. கார் ஷெட் கழுவிவிட்டாற்போல் இருந்தது. பலகைகளைக்கூட எடுத்துப் போயிருந்தார்கள். வாடகை வீடு; காலி செய்துவிட்டார்கள், எங்கே என்று தெரியாது என்றார் எதிர்வீட்டுக்காரர். குரைச்சல் தொல்லை விட்டது என்றும் சொன்னார். அந்த நம்பர் அதன் பிறகு வேலை செய்யவே இல்லை. அலுவலர்கள் விசாரித்தார்கள். மெக்கானிக் லீவு நாட்களில் வண்டி நிறுத்துமிடங்களாகச் சுற்றினார். சுருளி கிடைக்கவில்லை.

பாப்பா போட்டோ கேட்டாள். அவர்கள் போன் கெட்டுப்போச்சு என்றார். மறுபடி கேட்டாள். ஊரில் இல்லை என்றார். மூன்றாவது முறை அவள் போட்டோ கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில், தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, அப்படி ஒரு வீடு இல்லைல்ல?" என்றாள்.

மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். மெக்கானிக் சொன்னார். கார் ஷெட்டை, கூண்டை, பின்கால் இழுத்த தாயை, கழுத்துப்பட்டையைத் தன் கையால் கழற்றியதை. விடியற்காலையில் சீட்டிச் சத்தம் கேட்டும் கதவைச் சாத்திவிட்டுப் போனதையும் சொன்னார். அதைக் கேட்டு மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை பிறகும் பல நாள் அந்த வீட்டில் இருந்தது.

பாப்பா அழவில்லை. கடைசிவரை கேட்டாள்.

"நீ வண்டி எடுக்கும்போது அது உன்னப் பார்த்துச்சா?"

"பார்த்துச்சு."

"குரைச்சுச்சா?"

"இல்லம்மா. வாலை ஆட்டிச்சு."

பாப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கழுவி, துடைத்து, அடுக்கில் வைத்தாள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெக்கானிக் கொஞ்ச நேரம் பொறுத்து எழுந்து போய், கதவில் காதை வைத்துக் கேட்டார். மூச்சு நன்றாக, சீராக வந்துகொண்டிருந்தது.