சாகாதவருக்குச் செய்த விமானம்

சிவனகௌடரின் உயிருக்கு விலை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். வைத்தியருக்கே தெரியாத இந்த விவரம், மூங்கில் பின்னும் துர்கவ்வாவால்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

எங்கள் பக்கத்தில் செத்தவரைப் படுக்கப்போட்டுத் தூக்கும் அவமரியாதை கிடையாது. மூங்கில் விமானத்தில் சம்மணமிட்டு உட்காரவைத்து, வாத்தியத்தோடு அனுப்புவோம். மூச்சு நின்றபின் விமானத்துக்குச் சொல்வதுதான் முறை. கௌடரின் மகன் மல்லனகௌடா பட்டம் படித்தவன். அப்பாவுக்கு மூச்சு இழுக்கும்போதே முன்பதிவு செய்துவிட்டான். துர்கவ்வா மகளின் பிரசவத்துக்கு வைத்திருந்த பணத்தில் மூங்கில் வாங்கி, ஒரே பகலில் முடித்து, கௌடர் வாசலில் இறக்கினாள்.

"ஆயிரத்து எண்ணூறு" என்றாள் மகனிடம்.

உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது. "எவ்வளவுங்கற? போன வருசம் என் தம்பிக்கு ஆயிரத்து இருநூறுதானே வாங்கின?"

ஒரு வாரமாகக் கஞ்சி இறங்காத மனிதர் சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்துவிட்டார்.

"தம்பி ஒல்லிங்க கௌடரே. உங்களத் தாங்கணும்னு மூங்கில ரெட்டையாப் போட்டிருக்கேன்."

"ஆயிரத்து முந்நூறு."

பேசப்பேச முகத்தில் ரத்தம் ஏறியது. ஆயிரத்து ஐந்நூறுக்கு வந்தபோது சோள ரொட்டி கேட்டுச் சாப்பிட்டார். ஏப்பம் விட்டதும் ஞானம் வந்தது.

"நான்தான் சாகலையே! எனக்கெதுக்கு இது? எடுத்துட்டுப் போடி."

"ஒருத்தருக்குன்னு கட்டின விமானம் எங்க வீட்டுப் படி ஏறாதுங்க. வேற யாருக்கும் ஆகாது. இங்கயே இருக்கட்டும்" என்று போய்விட்டாள்.

இருந்தது. தெருவில் போனவர்கள் பார்த்துச் சேதி சொன்னார்கள். மறுநாள் மூன்று ஊர்ச் சொந்தம் மாலையோடு வந்து இறங்கியது. செத்தவரே வாசலில் நின்று வரவேற்றதில் எல்லோருக்கும் ஏமாற்றம். அவரிடம் கடன் வாங்கியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். வந்ததற்கு நாற்பது பேர் சாப்பிட்டுப் போனார்கள். அடுத்த நாள் இன்னும் இரண்டு ஊர்.

மூன்றாம் நாள் கௌடரே துர்கவ்வா வீட்டுக்கு நடந்துபோனார்.

"தாயே, உன் விலையே இருக்கட்டும். அதப் பிரிச்சுத் தொலை."

"பிரிக்கக் கூலி தனிங்க. இருநூறு."

"கட்டினதப் பிரிக்கறதுக்குக் கூடவா?"

"வேணாம்னா விடுங்க. நாளைக்கு உங்க சம்பந்தி ஊர்ல இருந்து ஒரு வண்டி கிளம்புதாம்."

அன்று சாயங்காலமே பிரித்தாள். அந்த மூங்கில் பிறருக்கு ஆகாது என்பதால், அவர் மாட்டுத் தொழுவத்துக்கே இரண்டு சாணக் கூடை பின்னிக் கொடுத்தாள். மகளை மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

விமானம் ஆயிரத்து எண்ணூறு. பிரித்த கூலி இருநூறு. கூடை முந்நூறு. ஆக இரண்டாயிரத்து முந்நூறு. வரவு இரண்டாயிரத்து இருநூறு. பாக்கி நூறு, அடுத்த விமானத்தில் ஏறும்போது தருவதாகக் கௌடர் சொல்லியிருக்கிறார்.