விடுதலை ஜெபம்

1963-ஆம் வருஷம் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ரிடையரான லாசரஸ், வாயிருந்த வரைக்கும் அரசாங்கத்துக்காகத்தான் கத்தினார். "எமர்ஜென்சி வந்ததும் தாம்பரம் ரயில் நேரத்துக்கு வருது பாருங்க. நாங்க செத்தப்புறம் பெண்டாட்டிக்கும் பென்ஷனா? நாடு தாங்காது மச்சான்."

மனைவி தபீதாளின் அண்ணன் வேதசிரோமணி சண்டை போட்டு ஓய்ந்துபோனார்.

பிறகு பக்கவாதம் வந்து லாசரஸின் நாக்கை இழுத்துக்கொண்டது. முதுகெல்லாம் படுக்கைப்புண். போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

சபைப் போதகர் ஐயர் வந்து, "சீக்கிரம் விடுதலை தரச்சொல்லி ஜெபிப்போம்" என்றார்.

"வேண்டாம் ஐயரே," என்றாள் தபீதாள். "இவர் மூச்சோட பென்ஷனும் நின்னுடும். அறுபத்துநாலுக்கு முன்னாடியே ரிடையரானதால எனக்கு ஒண்ணும் கிடையாது. எத்தனை வருஷம் இப்படியே கிடந்தாலும் சரி, உசிரோட இருக்கணும்னு கேளுங்க."

லாசரஸ் கண்ணால் கெஞ்சினார். போதகர் அவள் சொன்னபடியே கேட்டார்.

கட்டிலருகே நின்ற வேதசிரோமணிதான் உரக்க ஆமென் சொன்னார்.