மருந்தில் குளித்த வாத்துகள்

வாத்துக்காரர் கொட்டகைக்குள் நுழைந்தார். ஏழெட்டு குஞ்சுகள் கழுத்து கோணி, மல்லாந்து கிடந்து, காலால் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. வழக்கமான மருந்துப் பொடிக்கு நோய் மசியவே இல்லை. வாத்து தும்மினால் பொடி, வானம் இருட்டினால் பொடி என்று தண்ணீரில் கலந்துவிடுவார். வாத்துகள் எழுந்து நின்றதும் நிறுத்திவிடுவார். அதுதான் அவர் வைத்தியம்.

செத்த குஞ்சைப் பரிசோதனைக்கு எடுத்துப்போன கால்நடை மருத்துவரம்மா முடிவோடு வந்திருந்தார்.

"கிருமிக்கு உங்க பொடியெல்லாம் பழகிப்போச்சுங்க. இந்த ஒரு மருந்துக்குத்தான் அடங்குது. இதையும் அரைகுறையாக் கொடுத்து, பாதியில நிறுத்திக் கெடுத்தீங்கன்னா கொட்டகையையே காலி பண்ண வேண்டியதுதான்."

பிழைப்பே அந்தக் கொட்டகைதான். மருந்தைத் தொட்டியில் கலந்து வைத்துவிட்டு வெளியே வந்தார். மருத்துவரம்மா வாசலில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, இங்க வந்து பாருங்க உங்க மருந்து படுற பாட்டை."

தெம்பாக இருந்த வாத்துகள் தொட்டிக்குள் இறங்கிச் சிறகடித்துக்கொண்டிருந்தன. மருந்து முழுக்கத் தரை உமியில்.

"குடிக்கவும் செய்யுதுங்கதானே?" என்றார் பாவமாக.

"குடிக்குதா? முதுகு தேய்ச்சுவிடத்தான் ஆள் இல்ல."

இத்தனை காலமும் தரைக்கு வைத்தியம் பார்த்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மருத்துவரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, எழ முடியாதவற்றுக்கு ஊசி போட்டார். கொட்டிப்போனதற்கு அதே மருந்தை மறுபடியும் கொடுத்தார். வாத்துக்காரர் பிளாஸ்டிக் கேன்களின் பக்கவாட்டில், தலை நுழையும், உடம்பு நுழையாது என்ற அளவில் ஓட்டை போட்டார்.

அதன்பிறகு சாவு குறைந்தது. ஒருநாள் காலை, ஒன்றுகூடச் சாகவில்லை. மல்லாந்து கிடந்த ஒரு குஞ்சு, தலையைச் சாய்த்துக்கொண்டே நடந்து வந்து அவர் கால்சட்டை நுனியைப் பிடித்து இழுத்தது. கவிழ்த்த வாளியின்மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

பிறகு, கை தன்பாட்டுக்கு மீதி மருந்தை எடுத்து மேல்பலகையில் வைக்கப் போனது.

மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். "எதுக்கு?"

"எல்லாம் எழுந்துடுச்சே. அடுத்த தடவைக்கு ஆகும்னு..."

அவள் ஒரு கேனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சரிம்மா, சரி. நான் ஒண்ணும் சொல்லல."

மருத்துவரம்மா சொன்ன அளவுக்குக் கலந்து கேன்களில் ஊற்றினார். அந்தக் கழுத்துக் கோணல் குஞ்சுதான் முதலில் வந்து தலையை உள்ளே விட்டது. உடம்பையும் நுழைக்கப் பார்த்தது. முடியவில்லை. வேறு வழியின்றிக் குடித்தது.