அறுபத்தொரு கைநாட்டு

ஜெரினா மேடம் கொடுத்த ஜெராக்ஸ் கட்டில் ஐந்து மூலங்கள் இருந்தன. கடற்கரையில் இருந்த நடுமேட்டுக் குப்பம் இருபது வருடங்களுக்கு முன்பு எர்ணாவூர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எப்படி மாறியது என்பது கேள்வி. அரசு அறிக்கை ஒன்று, செய்தித்தாள் துணுக்கு ஒன்று, தொண்டு நிறுவனம் ஒன்று எடுத்த கணக்கெடுப்பு, பேராசிரியர் தேவப்பிரியத்தின் கட்டுரை, கடைசியில் வாசிக்கவே முடியாதபடி கறுத்துப்போன ஒரு மனு. மூன்றாமாண்டு வரலாற்று மாணவர்கள் இவற்றைப் படித்துத் தங்களுக்கென்று ஒரு வாதத்தை உருவாக்கி, துறைக் கருத்தரங்கில் பத்து நிமிடம் பேச வேண்டும்.

“அஞ்சுக்கு வெளிய ஒரு வரி எடுக்கக் கூடாது. எங்க தாத்தா சொன்னாரு, பக்கத்து வீட்டுல சொன்னாங்க, கூகுள்ல பார்த்தேன், எதுவும் வேண்டாம். கையில இருக்கிற மூலத்தை எப்படிப் படிக்கிறீங்கன்னு பார்க்கத்தான் இந்தப் பயிற்சி” என்றார் மேடம்.

உதயா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் அந்தக் குடியிருப்பில்தான். வகுப்பில் அது யாருக்கும் தெரியாது. எர்ணாவூர் என்று சொன்னால் உடனே எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். குடியிருப்பு என்று சொன்னதும் ஒரு ‘ஓ’ வரும். அந்த ‘ஓ’வுக்குப் பயந்தே மூன்று வருடங்களாக ‘பஸ் ஸ்டாப் பக்கம்’ என்று சொல்லிச் சமாளித்து வந்தாள்.

முதல் வாசிப்பில் எல்லா மூலமும் ஒன்றையே சொல்வதுபோல்தான் இருந்தது. கடல் அரித்தது, பதினொரு வீடுகள் போயின, மக்கள் தாங்களாகவே இடம்பெயரச் சம்மதித்தார்கள். அறிக்கை அப்படிச் சொன்னது. செய்தித்தாள் சொன்னது. தேவப்பிரியமும் அதையே நீட்டி, அழகாக எழுதியிருந்தார். வகுப்பில் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். மூன்று பேர் ஒன்றைச் சொன்னால் அது உண்மைதானே.

உதயா நிற்கவில்லை. ஒரு வாக்கியம் அவளை உறுத்தியது. ‘கடல் எங்களைத் தள்ளிவிட்டது, நாங்களே கிளம்பிவிட்டோம்.’ அறிக்கையில் அதைச் சொன்னவர் ‘ஊர்த் தலைவர் திரு. கோ.’ செய்தித்தாளில் ‘மீனவர் ஒருவர்’. தேவப்பிரியத்தின் கட்டுரையில் ‘அப்பகுதி மக்கள்’. மூன்றிலும் ஒரு சொல்கூட மாறவில்லை. கட்டுரையின் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் ‘நேர்காணல்: கோ.’ என்று இருந்தது.

மூன்று சாட்சி இல்லை. ஒரே வாய்.

அந்த வாய் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அப்பாவின் அண்ணன் கோதண்டம். அதே பிளாக்கில் தரைத்தளத்தில், இரண்டு கதவு தள்ளி இருக்கிறார். அப்பா இறந்த பிறகு பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட வந்தவர் அவர்தான். ஆனால் ஐந்துக்கு வெளியே போகக் கூடாது. உதயா அவரைக் ‘கோ.’ என்றே எழுதினாள். அப்படி எழுதும்போது அவர் யாரோ ஒருவராகத் தூரத்தில் தெரிந்தார். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அடுத்து ஒரு வாரம் அந்தக் கறுத்துப்போன மனுவோடு போராடினாள். செல்போனில் படம் எடுத்து, வெளிச்சத்தை ஏற்றி, பெரிதாக்கி, எழுத்து எழுத்தாகப் பிரித்தாள். ‘எங்களைக் கேட்காமல்’ என்பது முதலில் கிடைத்தது. அப்புறம் ‘மாடியில் வைத்தால் கூடையை எப்படி ஏற்றி இறக்குவது’. அப்புறம் ‘கரையை விட்டுப் போக எங்களுக்குச் சம்மதம் இல்லை’. கீழே வரிசை வரிசையாகக் கறுப்புப் பொட்டுகள். ஜெராக்ஸ் அழுக்கு என்று எல்லோரும் நினைத்த அவை கைநாட்டுகள். எண்ணிப் பார்த்தாள். அறுபத்தொன்று. பெயர்கள் கறுப்பில் மறைந்திருந்தன, ஆனால் தலைப்பு ‘குப்பத்துப் பெண்கள்’ என்றது. தேதி, இடம்பெயர ஊர் சம்மதித்ததாக அறிக்கை சொன்ன கூட்டம் நடந்து மூன்றாம் நாள்.

கூட்டம் காலை எட்டு மணிக்கு நடந்தது என்று அறிக்கை சொன்னது. கணக்கெடுப்பின் பின்பக்கத்து அட்டவணையில், குப்பத்துப் பெண்கள் விடியுமுன் மூன்று மணிக்குக் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போனால் பதினொரு மணிக்கு மேல்தான் வீடு திரும்புவார்கள் என்று இருந்தது. யாரும் பார்க்காத அட்டவணை. ஆக, ஊரே சம்மதித்த அந்தக் கூட்டத்தில் பெண்கள் இருந்திருக்கவே முடியாது.

அந்த இடத்தில் உதயாவுக்கு உடம்பு சிலிர்த்தது. தான் கண்டுபிடித்த ஒன்று, தாளிலேயே இருந்த ஒன்று, யாராலும் மறுக்க முடியாத ஒன்று. மூன்று வருடப் படிப்பில் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை.

வரைவைக் காட்டியபோது ஜெரினா மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதை நானே கவனிக்கலை உதயா. நல்லா இருக்கு.”

“மேடம், அந்தக் கோ. இப்பவும் இருக்காரு. போய்க் கேட்டு ஒரு பத்தி சேர்த்துக்கட்டுமா?”

“வேண்டாம். விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.” வரைவின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘வெளி ஆதாரம் கூடாது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

கருத்தரங்கன்று காலையில்தான் தலைமை தாங்க வருபவர் பேராசிரியர் தேவப்பிரியம் என்று தெரிந்தது. ஓய்வுபெற்றவர், கல்லூரிக்கு வேண்டியவர், அவருடைய கட்டுரை பாடத்திட்டத்திலேயே இருந்தது. உதயா ஜெரினா மேடத்தைத் தேடிப் போனாள். மேடம் பூங்கொத்துக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். “தைரியமா பேசு. சாரு பெரிய மனுஷர், ரசிப்பாரு” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

முதலில் பேசியது சங்கமித்ரா. தேவப்பிரியத்தின் கட்டுரையை ஏழு ஸ்லைடில் சுருக்கி, கடைசி ஸ்லைடில் கடல், சூரியன், படகு எல்லாம் வைத்திருந்தாள். தேவப்பிரியம் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

உதயா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். அந்த ஒரே வாக்கியத்தை மூன்று மூலங்களிலிருந்தும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. சம்மதக் கூட்டத்தின் நேரம், பெண்கள் வீடு திரும்பும் நேரம், மனுவின் தேதி. வேகம் கூடக் கூட அவளுக்கே தெரியாமல் வீட்டுப் பேச்சு நுழைந்தது. “அறுபத்தோரு பேரு வேணாம்னு சொல்லிகினு கீறாங்க. அத்த யாருமே படிக்கல.”

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. ஒருவன் “இன்னாமே” என்று இழுத்தான். உதயாவின் காது சூடானது. ஆனாலும் விடாமல் முடித்தாள்.

தேவப்பிரியம் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “எந்தப் பக்கம்மா நீ?”

“எர்ணாவூர் சார்.”

“எர்ணாவூர்ல எங்க?”

அவள் ஒரு நொடி தயங்கினாள். “குடியிருப்புல சார்.”

“அப்படிச் சொல்லு. இது ஆராய்ச்சி இல்லம்மா. உன் சொந்த வீட்டு வழக்கு.” கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “சரி, அந்தக் கோ. உயிரோட இருக்காரா?”

“இருக்காரு சார்.”

“எங்க?”

“எங்க பிளாக்லயே.”

“உன் பிளாக்லயே ஒரு மனுஷன் உயிரோட இருக்காரு. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம, ஜெராக்ஸ்ல கறுப்புப் புள்ளியை எண்ணிக்கிட்டு இருந்திருக்க. இதுதான் இப்ப வரலாறு சொல்லிக் கொடுக்கிற லட்சணமா?”

கடைசிக் கேள்வி தனக்கு இல்லை என்று உதயாவுக்குப் புரிந்தது. “அஞ்சு மூலத்துக்கு வெளிய போகக் கூடாதுன்னு சொன்னாங்க சார்” என்று சொல்லிவிட்டு ஜெரினா மேடத்தைப் பார்த்தாள். சிவப்பு மையில் எழுதிய அந்த வரைவு அவள் கையிலேயே இருந்தது. மேடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேடம் வருகைப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல், “கத்துக்குற ஸ்டேஜ்தானே சார்” என்றார்.

“நீங்களும் அவர் ஒருத்தர்கிட்டதானே சார் பேசியிருக்கீங்க” என்றாள் உதயா.

தேவப்பிரியம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நேரம் முடிஞ்சுது. அடுத்தது யாரு?”

பரிசு சங்கமித்ராவுக்குப் போனது.

வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. பஸ் ஊர்ந்தது. உதயாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபத்தின் அடியில் இன்னொன்றும் இருந்தது. அந்த ஆள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். கோதண்டம் சர்க்கரையில் புண்ணான காலை ஸ்டூலில் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெரிப்பா, ‘கடல் எங்களைத் தள்ளிவிட்டது, நாங்களே கிளம்பிவிட்டோம்’னு நீங்க சொன்னீங்களா?”

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். “யார்ரீ கேட்டா உன்ன?”

“காலேஜ்ல. புக்குல போட்டுகீது.”

“அது என் வார்த்த இல்ல. அதிகாரி எழுதிகினு வந்து படிச்சாரு. சரிதானேன்னாரு. ஆமான்னேன். பேப்பர்காரனாண்ட அத்தயே சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். அப்பால ஒரு வாத்தியாரு வந்தாரு. டீ குட்சாரு. அவரும் அந்தப் பேப்பர வச்சிகினுதான் கேட்டாரு.”

“ஏன் பெரிப்பா ஆமான்னீங்க? பொம்பளைங்க எல்லாம் வேணாம்னு எழுதிக் குடுத்துகீறாங்களே!”

“பதினோரு வூட்ட கடல் துன்னுட்ச்சி. நீ பாத்தியா? ராவுல புள்ளைங்கள தூக்கிகினு ஓடுனது நானு.” அவர் குரல் ஏறி, உடனே இறங்கியது. “ஆமான்னா கீழ் வூடுன்னாங்க. எனக்கும் எங்கூட நிக்கிறவங்களுக்கும். இல்லன்னா இன்னா குடுப்பானோ, குடுப்பானோ மாட்டானோ. நானு ஆமான்னேன். தப்புன்னா தப்புதான் போ.”

உதயா வாசலைத் தாண்டியபோது பின்னாலிருந்து சொன்னார். “அந்தக் கைநாட்டுப் பேப்பர்ல உங்கம்மா வெரலும் கீது. அவளாண்ட கேளு.”

அம்மா நீலா அப்போதுதான் வெறும் கூடையைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தாள். உதயா கேட்டதும் கை நின்றது.

“வச்சேன். எல்லாருந்தான் வச்சோம்.”

“அப்பால?”

“நீ வயித்துல. எட்டாம் மாசம். எங்களுக்கு மூணாவது மாடின்னு எழுதிட்டாங்க. தண்ணியும் மேல ஏறாது. உங்க பெரிப்பா வந்தாரு. அந்தப் பேப்பர்லேந்து பேர எடுத்துட்டா கீழ் வூடு வாங்கித் தரேன்னாரு. ஆபீசுக்குப் போய் இன்னொரு பேப்பர்ல வெரல் வச்சிட்டு வந்தேன்.”

“உன்ன மாதிரி எத்தினி பேரும்மா எடுத்தாங்க?”

“கீழ் வூடு எத்தினி கீதோ அத்தினி பேரு.” நீலா கூடையைக் கவிழ்த்து வைத்தாள். “மேல போனவளுங்க ரெண்டு வருஷம் எங்கூடப் பேசல. அந்த ரமாபாய் இன்னிக்கும் பேசமாட்டா. மூணு மாடியும் கூடையத் தூக்கி ஏறி ஏறி அவளுக்கு முட்டி போச்சு.”

ரமாபாய் அத்தை தன்னை மட்டும் ஏன் ஒருநாளும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை என்று சின்ன வயதில் அழுதிருக்கிறாள். இந்த வீட்டின் சிமெண்ட் தரையில் உட்கார்ந்துதான் அவள் பத்தாவது படித்தாள், பன்னிரண்டாவது படித்தாள், அந்த மனுவை எழுத்து எழுத்தாகப் பிரித்தாள். அறுபத்தொன்று என்று எண்ணி, அதையே ஆதாரமாக்கிச் சிலிர்த்ததை இப்போது நினைக்கவே கூசியது.

இரண்டு நாள் கழித்து ஜெரினா மேடம் வராந்தாவில் நிறுத்தினார். முகம் வாடியிருந்தது.

“அன்னிக்கு நான் பேசியிருக்கணும். எனக்கு வேலை நிரந்தரம் ஆகிற கமிட்டில அவரு இருக்காரு, ஃபைல்ல அவரு கையெழுத்துப் போடணும். அதுதான் நிஜம். மன்னிப்பு கேட்கிற தகுதிகூட எனக்கு இல்ல.”

“பரவால்ல மேடம்” என்றாள் உதயா. பரவாயில்லை என்று அவள் நினைக்கவில்லை.

“எழுத்துல கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கு. அந்தப் பெரியவர்கிட்ட பேசி அதையும் சேர்த்துடு. நான் அனுமதி தர்றேன். அப்ப யாராலயும் உன்னைக் கேள்வி கேட்க முடியாது.”

உதயா தரையைப் பார்த்தாள். சேர்த்தால் எல்லாம் சேர வேண்டும். அந்த வார்த்தை எழுதிக் கொண்டுவரப்பட்டது என்பது ஒரு வரி. தேவப்பிரியத்தின் கட்டுரையை மொத்தமாகச் சாய்க்கிற வரி அது. ஆனால் அடுத்த வரியில் அம்மா வருவாள், அந்த இன்னொரு பேப்பர் வரும், கீழ் வீடுகள் வரும், அதில் ஒன்றில் பிறந்த அவளும் வருவாள். முதல் வரியை மட்டும் எழுதி அடுத்ததை விட்டால், அந்த மூன்று மூலங்களும் பெண்களை விட்டுவிட்டு எழுதியதையே அவளும் செய்ததாகும்.

“வேணாம் மேடம். அஞ்சு மூலம் போதும்.”

பேசிய கட்டுரையை மாற்றாமல் அப்படியே கொடுத்தாள். இருபத்தைந்துக்கு இருபத்துமூன்று வந்தது. வகுப்பில் அதுதான் அதிகம். ‘மூலங்களை நுணுக்கமாக வாசித்துள்ளார்’ என்று மேடம் எழுதியிருந்தார்.

நீலா அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிப் பிடித்தாள். “இதுல எம்பேரு போட்டுகீதா?”

“இல்லம்மா.”

“உங்க பெரிப்பா பேரு?”

“இல்ல. வெறும் ‘கோ’தான்.”

“கீழ் வூட்டு விசயம்?”

“இல்ல.”

நீலா மூச்சு விட்டாள். “நல்லவேள. நீ எங்க எழுதிடுவியோன்னு ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு.” தாளை மடித்து அலமாரியில் ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்தாள். பிறகு மகளுக்குத் தட்டு எடுத்துவைத்து, மீன் துண்டில் பெரியதாகப் பார்த்துப் போட்டாள். உதயா சாப்பிட்டாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்ததால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.